அகிலும் சூடமும் முந்திரிப் பிசினும்

நம் மரக்காணம்தான் சங்க காலத்து எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் சொல்வது இந்தப் பக்கத்தைப் படிக்கிற நண்பர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட வந்த புலவர், இந்தப் பட்டினத்துப் பரதவப் பெண்கள் எதை விறகாக எரித்தார்கள் என்பதையும் சொல்கிறார். அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய வாசனை மரத்தை எரித்தார்களாம். அது அகில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பொருள். இன்றைக்குக் கிராம் கணக்கில் விற்கிற சரக்கை நம் பாட்டிமார் மீன் சமைக்க அடுப்பில் வைத்திருக்கிறார்கள்!

இந்த அகிலைப் பற்றி வனத்துறையில் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அகில் மரத்துக்குப் பிறவியில் அந்த வாசனை கிடையாது. நல்ல ஆரோக்கியமான அகில் மரத்தை வெட்டினால் உள்ளே வெளுத்த, லேசான, ஒன்றுக்கும் உதவாத கட்டைதான் இருக்கும். புழு துளைத்தோ, கிளை முறிந்தோ காயம் பட்டு, அதன் வழியாகப் பூஞ்சணம் உள்ளே நுழைந்தால், அதைத் தடுக்க மரம் ஒரு கறுத்த பிசினைச் சுரந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அந்தக் கறுத்த இடம்தான் அகில். அதாவது நாம் வாசனை என்று கொண்டாடுவது மரத்தின் காயத்தில் கட்டிய பொருக்கு.

அகில் மட்டும் என்றில்லை. சுவாமிக்கு முன்னால் நாம் புகைக்கிற பொருள்களில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். குங்கிலியக் கலய நாயனார் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். திருக்கடவூரில் வீட்டில் அரிசி இல்லாமல் பிள்ளைகள் பட்டினி கிடக்க, நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்து ஒரு மூட்டை குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போனார். அந்தக் குங்கிலியமும் மரம் தன் காயத்தை மூடச் சுரந்த பால்தான். பழைய தோணிகளில் பலகை இடுக்கை அடைக்க எண்ணெயில் காய்ச்சிப் பூசியதும் அதே குங்கிலியம். தண்ணீர் புகாது, பூச்சி அரிக்காது. மரம் எதற்காகச் செய்ததோ, ஏறக்குறைய அதே காரியத்துக்குத்தான் மனிதனும் எடுத்துக்கொண்டான்.

இனி சூடம். நம் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவில் வாசலில் விற்கிற சூடம் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கேட்டால், கற்பூர மரம் என்றுதான் பதில் வரும். ஒரு காலத்தில் அது சரி. சீனா, ஜப்பான், தைவான் பக்கம் வளரும் கற்பூர மரத்தின் கட்டையைச் சீவி, ஆவியில் வடித்து எடுத்தார்கள். ஜப்பான் 1895-ல் தைவானைப் பிடித்தது; 1899-ல் கற்பூர வியாபாரம் முழுவதையும் அரசாங்கத்தின் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. பூஜைக்காக அல்ல, செல்லுலாய்டுக்காக. பில்லியர்ட்ஸ் பந்து, சீப்பு, சினிமா பிலிம் எல்லாவற்றுக்கும் கற்பூரம் தேவைப்பட்டது. (டூரிங் டாக்கீஸில் பிலிம் சுருள் தீப்பிடித்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழைய நைட்ரேட் பிலிமில் கற்பூரமும் ஒரு பங்கு.) விலை ஏறியதும் ஐரோப்பியர் சும்மா இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பைன் மரத்துப் பிசினை வடித்தால் கிடைக்கிற டர்பன்டைனிலிருந்தே கற்பூரம் செய்யும் வழியை ஜெர்மனியில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டர்பன்டைனில் இருக்கும் பைனீன் என்ற பொருள்தான் அதற்கு மூலம். இன்று நம் நாட்டில் விற்கும் சூடத்தில் மிகப் பெரும் பகுதி அப்படித்தான் தயாராகிறது. நமக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் ஆலை இருக்கிறது. பச்சைக் கற்பூரம் வேறு மரம், வேறு கதை. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஆக, ஐயனாருக்கு நாம் காட்டும் சூடத்தின் பூர்வீகம் எங்கோ குளிர்ப் பிரதேசத்துப் பைன் மரம். அந்த மரம் பைனீனை யாருக்காகச் சுரந்தது? ஒரு வண்டுக்காக.

பைன் மரத்தை நம் ஊரில் பார்க்க முடியாது. கடலோரத்துச் சவுக்கைப் பார்த்துவிட்டுப் பைன் என்று போட்டோ எடுத்துப் போகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. சவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின் விறகுக்காக இந்தக் கரையில் நட்டுப் பெருக்கிய மரம். ஊசி மாதிரி இருப்பதைத் தவிரப் பைனுக்கும் அதற்கும் உறவில்லை, பிசினும் கிடையாது. அசல் பைனை நான் பழகியது கொடைக்கானலில். 1906 வாக்கில் பிரையண்ட் என்ற வன அதிகாரி காலத்தில் நடவு தொடங்கியது என்று அங்கே சொல்வார்கள்; பிரையண்ட் பூங்கா அவர் பேரில் இருப்பதுதான். பெரும்பாலும் மெக்சிகோ நாட்டு வகை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரத்துக்கு எண் போடும்போது பட்டையைச் சீவிவிட்டால், சற்று நேரத்தில் தேன் மாதிரி ஊறி வரும். கையில் பட்டால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைக்க வேண்டும். வேலாம்பிசினும் முருங்கைப் பிசினும் பார்த்துப் பழகிய எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நம் பிசின்கள் தண்ணீரில் ஊறிக் கரையும், இது கரையாது. எரியும், நாறும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

பைனின் பட்டைக்குள்ளும் கட்டைக்குள்ளும் நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பிசினைச் சுரந்து, குழாயை எப்போதும் அழுத்தத்தில் நிரப்பி வைத்திருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மணி அளவு இருக்கிற பட்டை வண்டு ஒன்று துளை போட்டு நுழைந்தால், குழாய் அறுபட்டுப் பிசின் பீறிட்டு வருகிறது. வண்டை வெளியே தள்ளுகிறது, அல்லது அங்கேயே மூழ்கடிக்கிறது. பிசினில் இருக்கிற டர்பன்டைன் காற்றில் ஆவியாகிப் போக, மிச்சம் இறுகித் துளையை அடைத்துவிடுகிறது. (வயலின் வில்லுக்குத் தேய்க்கிறார்களே ரோசின், அது இந்த மிச்சம்தான்.) இதற்கும் மேல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. துளைபட்ட இடத்தைச் சுற்றியுள்ள உட்பட்டையை மரம் தானே சாக விட்டு, அதில் விஷப் பிசினை நிரப்பிவிடுகிறது. வண்டுக்குத் தின்ன எதுவும் இருக்காது. எதிரி வரும் வழியில் வயலைத் தானே கொளுத்திவிட்டுப் பின்வாங்குகிற அரசனைப் போல.

ஒற்றை வண்டு ஜெயிக்க முடியாது. வண்டுக்கும் அது தெரியும் போலிருக்கிறது. வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டு செய்கிற காரியம் இது: முதலில் நுழைகிற பெண் வண்டு, தன்னைக் கொல்ல மரம் அனுப்பிய பைனீனையே உடம்புக்குள் வாங்கி, மாற்றி, ஒரு வாசனையாக வெளியே விடுகிறது. “இங்கே வாருங்கள்” என்று மற்ற வண்டுகளுக்கு அது அழைப்பு. இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கில் வந்து விழுகின்றன. ஒவ்வொரு துளைக்கும் மரம் பிசின் அனுப்ப வேண்டும். எத்தனை துளைக்கு அனுப்ப முடியும்? தொட்டி காலியானதும் மரம் தோற்றது. போதுமான வண்டுகள் சேர்ந்துவிட்டால் இன்னொரு வாசனை கிளம்புகிறது. அது “ஹவுஸ்ஃபுல்” போர்டு. பின்னால் வருகிறவை பக்கத்து மரத்துக்குப் போகும். வண்டுகள் வாயில் சுமந்து வருகிற ஒரு நீலப் பூஞ்சணம் கட்டைக்குள் பரவி, தண்ணீர் ஏறும் வழியை அடைக்கிறது. அடுத்த கோடையில் மரம் செம்பட்டையாக நிற்கும்.

சண்டையின் முடிவு வண்டின் பலத்தில் இல்லை, மரத்தின் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதில் இருக்கிறது. மழை பொய்த்தால் பிசினின் அழுத்தம் குறையும். வயசு ஏறினால், நெருக்கி நட்டால், வேர் கெட்டால் குறையும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990-களில் தொடங்கிய வண்டுத் தாக்குதல் ஒரு கோடியே எண்பது லட்சம் ஹெக்டேர் பரப்பைத் தொட்டது. நம் தமிழ்நாடு மொத்தமே ஒரு கோடியே முப்பது லட்சம் ஹெக்டேர்தான். அங்கே வியாபாரத்துக்கு உதவும் லாட்ஜ்போல் பைனில் ஏறக்குறையப் பாதி செத்தது. காரணம் என்ன? காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்து அணைத்து, ஒரே இனம், ஒரே வயசு, கிழட்டு மரங்களாக நிறைந்திருந்தன. முன்பெல்லாம் கடுங்குளிர் பட்டைக்குள் இருக்கும் புழுக்களைக் கொன்றுவிடும். அந்தக் குளிரும் வராமல் போயிற்று. பத்திரிகைகளில் வந்த தலைப்பு மட்டும் ‘வண்டு காட்டை அழித்தது’.

நம் நாட்டில் பைனின் பிசினை வண்டைவிட அதிகம் குடித்தவன் மனிதன். குமாவுன், கடுவால் மலைகளில் சீர் பைன் மரத்தைக் கீறி, கீழே மண் கிண்ணம் கட்டிப் பிசின் எடுக்கிற தொழிலை வெள்ளைக்காரன் காலத்து வன இலாகா பெரிதாக வளர்த்தது. பரேலி பக்கத்தில் அதற்கென்றே ஆலை நகரம் ஒன்று உண்டானது. கிளட்டர்பக்கஞ்ச் என்று பெயர். அதுவும் வன அதிகாரி ஒருவரின் பெயர்தான். 1921-ல் குமாவுன் மக்கள் வனச் சட்டங்களின் மேல் இருந்த கோபத்தில் காட்டுக்குத் தீ வைத்தபோது, பிசின் வடித்துக்கொண்டிருந்த காடுகளும் எரிந்தன. அளவோடு கீறினால் மரம் தாங்கும். ஆழமாக, சுற்றிலும் கீறினால் அந்தக் காயத்தின் வழியாகத் தீ புகும், காற்றுக்கு ஒடியும், வண்டும் வரும். ‘கறக்கிற மாட்டுக்குத் தீனி போடு’ என்பது மரத்துக்கும் பொருந்தும் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு பழைய ரேஞ்சர் சொல்வார்.

ஆனால் இந்தியாவில் மரமும் வண்டும் மோதிய பெரிய போர் பைனில் நடக்கவில்லை, சால மரத்தில் நடந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, பூச்சியியல் காட்சிக்கூடத்தில் துளைபட்ட சாலக் கட்டை ஒன்றைப் பார்த்தேன். என் கட்டைவிரல் நுழையும் துளை. புழு பட்டையில் தொடங்கி மரத்தின் வைரம் வரைக்கும் போகிறது. வண்டு முதல் மழைக்கு வெளியே வரும், பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். சால மரத்துக்கும் பிசின் உண்டு. வடக்கே குங்கிலியம் என்று புகைப்பது அதைத்தான். திடமான மரமாக இருந்தால் இளம்புழுக்கள் பிசினில் மூழ்கிச் சாகும். பலவீனமான மரமாக இருந்தால் புழு ஜெயிக்கும்.

1923 முதல் 1928 வரை மத்திய மாகாணத்தில் மண்ட்லா பக்கம் லட்சக்கணக்கான சால மரங்கள் செத்தன. ஸ்டெபிங் என்பவர் இந்தியக் காட்டு வண்டுகளைப் பற்றி 1914-லேயே தடித்த புத்தகம் எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த பீசன் என்ற பூச்சியியல் அதிகாரி இந்தச் சால வண்டையே வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். அந்தக் காலத்தில் வழக்கத்துக்கு வந்த முறைக்குப் ‘பொறி மரம்’ என்று பெயர். மழை தொடங்கியதும் ஒரு சால மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, முனைகளைச் சம்மட்டியால் அடித்து நசுக்கிச் சாறு கசிய வைப்பார்கள். அந்த வாசனைக்குத் தூரத்திலிருந்தெல்லாம் வண்டுகள் வரும். சாற்றைக் குடித்து, நம் ஊர்க் கள்ளுக்கடையில் கிடப்பதுபோல மயங்கிக் கிடக்கும். கிராமத்து ஜனங்கள் பொறுக்கித் தலையைக் கிள்ளி எடுத்துவருவார்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி.

மறுபடி 1996, 97 வாக்கில் மத்தியப் பிரதேசத்தில் அதே வண்டு பெருகியது. அப்போது நான் சர்வீஸில் இருந்தேன். இலாகாவில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினோம். அடியில் குவிந்த மரத்தூளின் அளவைப் பார்த்து மரங்களை வகை பிரித்தார்கள். எந்த வகை வரைக்கும் வெட்டுவது என்பதில்தான் தகராறு. வண்டு பரவாமல் இருக்கப் பாதித்த மரத்தையெல்லாம் வெட்டு என்றது ஒரு கட்சி. பிசின் ஒழுகிப் போராடிக்கொண்டிருக்கிற, பிழைக்கக்கூடிய மரத்தையும் சேர்த்து வெட்டுகிறீர்கள், இது மர வியாபாரம் என்றது இன்னொரு கட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. என் அபிப்பிராயம், இரண்டாவது கட்சியில் நியாயம் அதிகம். செத்த மரத்தையும் சாகப்போகிற மரத்தையும் எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு அதிலிருந்து வண்டு கிளம்பும் என்பது உண்மை. ஆனால் பிசின் வடிகிற மரம் நோயாளி இல்லை, சண்டைக்காரன்.

இந்தத் தகராறு நம் ஊருக்கும் வந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியபோது முந்திரியும் பலாவும் என்ன ஆயின என்று எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தானே காற்றால் அடித்தது, ஃபெஞ்சல் தண்ணீரால் அடித்தது. முந்திரி வறட்சியைத் தாங்கும். வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அது, மணல் மேட்டுக்காரன். கீழ்புத்துப்பட்டுப் பக்கத்துத் தோப்புகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. சில மாதம் கழித்து மரங்கள் மஞ்சளடித்தன, அடியில் பிசினும் மரத்தூளும் தெரிந்தன. தண்டு துளைப்பான். அதுவும் நீளமீசை வண்டுதான், சால வண்டுக்குத் தூரத்துச் சொந்தம். தரையிலிருந்து இடுப்பளவுக்குள் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உட்பட்டையைச் சுற்றிச் சுற்றித் தின்னும்.

விறகு வியாபாரிகள் உடனே வந்துவிட்டார்கள். “பூச்சி விழுந்துட்டுது, இனிமே தேறாது, மொத்தமா குடுத்துடுங்க” என்று டன் கணக்கில் விலை பேசினார்கள். தோப்பை விற்றுவிட்டு மனைப்பிரிவுக்குப் பார்க்கலாம் என்ற யோசனை சொன்னவர்களும் உண்டு, ஈ.சி.ஆர். ஓரம் என்றால் சொல்லவா வேண்டும். என் சித்தப்பா மகனுக்கு 64 மரம். அவன் அப்பா நட்டது. பெண்ணின் கல்யாணக் கடன் ஒரு பக்கம். “அண்ணா, எல்லாத்தையும் வெட்டிடலாமா? நீங்க சொன்னா சரி” என்று என்னிடம் வந்து நின்றான்.

இரண்டு நாள் மரம் மரமாகப் பார்த்தோம். முந்திரிப் பிசின் பைன் பிசின் மாதிரி விஷம் இல்லை. தண்ணீரில் கரைகிற சாதாரணப் பிசின்தான். சின்ன வயதில் புத்தகத்துக்கு அட்டை ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் துளையைப் பிசின் மூடிக்கொண்டு, இலை பச்சையாக, கொழுந்து விட்டிருக்கிற மரம் ஒரு கணக்கு. பிசின் நின்றுபோய்த் தூள் மட்டும் கொட்டுகிற, பட்டையைச் சுற்றிலும் தட்டினால் டொக்கு டொக்கு என்கிற மரம் இன்னொரு கணக்கு. இரண்டாவது வகை 17 தேறியது. அவற்றை மட்டும் வெட்டச் சொன்னேன். கட்டையைத் தோப்பில் ஒரு நாள்கூடப் போட்டுவைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும், வேர்க்கட்டையையும் பறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற புழு வண்டாகி மற்ற மரத்துக்கு வரும். மிச்ச மரங்களில் உளியால் பட்டையைச் சீவிப் புழுவை எடுத்தோம். அடிமரத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு பங்கு தாரும் இரண்டு பங்கு மண்ணெண்ணெயும் கலந்து பூசினோம். வேளாண் அதிகாரிகள் சொல்லும் முறைதான். வேப்பெண்ணெய்க் கரைசலும் தடவலாம். தண்ணீர் நிற்காமல் இருக்க வாய்க்கால் வெட்டியது எல்லாவற்றையும்விட முக்கியம். மரத்துக்கு நாம் கொடுக்க முடிந்த பலம் அது ஒன்றுதான்.

இதே மழை ஐயனார் கோவில் காட்டிலும்தான் பெய்தது. அங்கே கிளைகள் ஒடிந்தன, சில மரங்கள் சாய்ந்தன. ஆனால் ஒரு பூச்சி வந்து வரிசையாக மரம் பட்டுப்போன காட்சியை நான் அங்கே பார்த்ததில்லை. வீரை பக்கத்தில் காசா, அதன் பக்கத்தில் காட்டு எலுமிச்சை, மேலே கொடிகள் என்று கலந்து கிடக்கிற காடு. ஒரு மரத்தைத் தின்னக் கற்ற வண்டு அடுத்த மரத்தில் பட்டினி கிடக்கும். புதுச்சேரியிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து நாடா பிடித்து மரங்களை எண்ணிக்கொண்டு போனார்கள். சுள்ளி ஒடித்தாலும் ஐயனார் குதிரையேறி வருவார் என்று பயந்து காப்பாற்றியவர்கள் நம் முன்னோர்கள். மண்ட்லா சாலக் காடும், கனடாப் பைன் காடும், நம் முந்திரித் தோப்பும் ஒரே இனமாக நிற்பவை. கோவில் காடு அப்படி இல்லை. தோப்பைக் காடாக்க முடியாது, அது பிழைப்பு. ஓரத்தில் நாலு வேம்பு, பனை, புங்கன் இருக்கட்டும் என்று சொன்னால் “நெழலு விழும்ணா” என்கிறான் தம்பி. அதுவும் வாஸ்தவம்தான்.

இந்த மாசியில் போய்ப் பார்த்தேன். நின்ற 47 மரத்தில் இரண்டு பட்டுவிட்டன. 39 பூத்திருக்கின்றன. மற்ற ஆறு மஞ்சளாகவும் இல்லை, பூக்கவும் இல்லை. மூன்றில் இன்னும் அடியில் பிசின் வடிகிறது. வெட்டின இடத்தில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்று வைக்கப் பேசியிருக்கிறான். வியாபாரி போன வாரமும் வந்து கேட்டுவிட்டுப் போனாராம். சித்திரையில் கொட்டை எடுத்து முடித்ததும் இன்னொரு தடவை தார் பூச வேண்டும்.